குளத்தைச் சுற்றி வந்த படை

அல்லிக்குளத்துத் தவளைகள் வாயை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது.

சும்மா இருக்கத் தெரியாத கூட்டம் அது. மேகம் கறுத்தால் போதும், காடே அதிரும்படி கத்தித் தீர்க்கும். அந்தக் கூட்டத்தின் வாயை மூடவைத்தது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஓநாய்ப் படை.

படை வந்து இறங்கிய அன்று தளபதி கோரைப்பல்லன் கரைமேல் நின்று முழங்கினான்.

"தவளைகளே, பயப்படாதீங்க! முதலைகிட்டேயிருந்து உங்களைக் காப்பாத்த எங்க சிங்கராஜா எங்களை அனுப்பியிருக்கார்!"

"எந்த முதலை?" என்று தவளைகள் கேட்டன. அது முழங்கால் ஆழக் குளம். அதில் முதலை எங்கே படுக்கும்?

"பாத்தீங்களா! நாங்க வந்த உடனே ஒளிஞ்சுகிட்டான்!" என்றான் கோரைப்பல்லன்.

ஒளிந்த முதலையைத் தேடுகிறோம் என்று ஓநாய்கள் குளத்தில் இறங்கிக் கலக்கின. முதலை அகப்படவில்லை. அந்த வருடத்துத் தலைப்பிரட்டைகள் மட்டும் ஒன்று மிச்சமில்லாமல் சேற்றில் மிதிபட்டுச் செத்தன. பெற்ற வயிறுகள் கதறின.

"கலகமா பண்றீங்க? எவன் சத்தம் போட்டாலும் மிதி!" என்று உறுமினான் தளபதி.

அன்றிலிருந்து ஓநாயின் காலடி கிட்டே வந்தால் தவளைகள் வாயை மூடிக்கொண்டன. போகப் போக, காலடி தூரத்தில் இருந்தாலும் மூடிக்கொண்டன. அப்புறம் திறக்கவே மறந்துபோயின. பயம் அப்படித்தான், இடம் கொடுத்தால் வீட்டையே எழுதி வாங்கிவிடும்.

கோரைப்பல்லனுக்கோ தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் காக்கையிடம் சேதி சொல்லி அனுப்பினான். "முன்னேற்றம் ராஜா! முதலை நடுங்குகிறது!" என்றான் முதலில். "முன்னேற்றம் ராஜா! குளத்தைச் சுற்றிப் பாதை போட்டுவிட்டோம்!" என்றான் அடுத்த தடவை. சேதி எதுவானாலும் கடைசி வரி மட்டும் மாறாது: "இன்னும் கொஞ்சம் படை அனுப்புங்கள். இன்னும் கொஞ்சம் இறைச்சியும் அனுப்புங்கள்."

படை போயிற்று. இறைச்சியும் போயிற்று. மலைநாட்டுக் குட்டிகள் எலும்பைச் சப்பிக்கொண்டு தூங்கின. கடைசியில் ஓநாய்த் தாய்மார்கள் சிங்கத்தின் குகை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"முன்னேறிக்கிட்டே இருக்காங்கன்னா எங்க பிள்ளைங்க ஏன் இன்னும் வீட்டுக்கு வரலை?" என்று கேட்டார்கள்.

சிங்கம் தன் அமைச்சர் கருமந்தியைக் கூப்பிட்டது. கருமந்தி ஒரு கறுத்த பெண் குரங்கு. முழங்கால் வலிக்காரி, முன்கோபக்காரி, ஆனால் பார்த்ததை மட்டுமே பேசுகிறவள்.

"போய் உள்ளதை உள்ளபடி பார்த்து வா" என்றது சிங்கம்.

கருமந்தி வந்ததும் கோரைப்பல்லன் படையை அணிவகுத்து, அவளைக் கரையோரமாக நடத்திக்கொண்டு போனான். ஓநாய்கள் ஓயாமல் நடந்து நடந்து பாதை வாய்க்கால் மாதிரி பள்ளமாகிக் கிடந்தது.

"பாருங்கம்மா, எவ்வளவு முன்னேறியிருக்கோம்! இதுவரைக்கும் நடந்த தூரத்தைச் சேத்துப் பாத்தா கடலையே தொட்டிருப்போம்!"

கருமந்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இந்த நாவல் மரத்தை இப்பத்தானே பாத்தோம்?"

"அது வேற நாவல் மரம்மா!" என்றான் தளபதி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். உடனே பேச்சையும் மாற்றினான். "இப்ப காதைக் கொடுத்துக் கேளுங்க!"

"ஒண்ணும் கேக்கலையே?"

"அதான்மா வெற்றி! நாங்க வந்தப்போ இந்தக் குளம் எப்படிக் கத்திக்கிட்டிருந்தது தெரியுமா? இப்ப எவனாவது மூச்சு விடுறானா?"

கருமந்தி யோசித்தாள். முதலையைத்தான் காணோம். ஆனால் குளம் அமைதியாக இருப்பது உண்மை.

"சரி தளபதி. பாத்ததைச் சொல்றேன். இன்னும் படை வேணும்னாலும் ராஜாகிட்டே கேக்கிறேன். கொஞ்சம் காலாறிட்டுக் கிளம்பறேன்" என்று நாவல் மரத்தில் ஏறி உட்கார்ந்து பழம் பறிக்கத் தொடங்கினாள்.

அல்லி இலைக்கு அடியில் இருந்த குண்டுமணி என்கிற தவளை இதைக் கேட்டுவிட்டாள். அவளுக்கு வயிறு முட்ட முட்டை. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. மழை இன்றைக்கே வந்துவிடும். மழையில் ஆண் தவளை பாடினால்தான் பெண் தவளை முட்டையிடும். பாடினால் ஓநாய் மிதிக்கும். பாடாவிட்டால் இந்த வருடமும் பிள்ளை இல்லை. இதில் இன்னும் படை வேறு வருகிறதாம்!

அவள் மூச்சிரைக்க நீந்திப் போய்த் தவளைகளிடம் சொன்னாள்.

பக்கத்தில் கிடந்த ஆமை கொட்டாவி விட்டது. "இதுக்கெல்லாம் அலட்டிக்காதே தங்கச்சி. நான் ஓட்டுக்குள்ள தலையை இழுத்துக்குவேன். தானா சரியாயிடும்."

"உங்களுக்கு ஓடு இருக்கு அண்ணே! என் முட்டைக்கு என்ன இருக்கு?" என்று வெடித்தாள் குண்டுமணி.

ஆமை தலையை இழுத்துக்கொண்டது. குண்டுமணி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"நாம பயத்துல வாயை மூடிக்கிட்டிருக்கோம். அவன் அதை வெற்றின்னு சொல்லிச் சோறு வாங்கித் தின்னுக்கிட்டிருக்கான்! அந்த அம்மா மரத்து மேலே இருக்கா. இப்பவே அவளுக்குக் கேக்கணும். ஓநாய் கிட்ட வந்தா வாயை மூடுங்க. அந்தாண்ட போனா உடனே திறங்க. இவ்வளவுதான்!"

"முதல்ல யார் பாடுறது?" என்றது ஒரு தவளை. எல்லாக் கண்களும் குண்டுமணியின் கணவன் தொண்டையன் மேல் விழுந்தன. ஒரு காலத்தில் அவன் பாடினால் எதிர்க்கரை மீன்கூடத் துள்ளும்.

"எனக்குக் குரலே மறந்துபோச்சு குண்டு" என்று முனகினான் அவன்.

"மறந்தது குரல் இல்லை மாமா, தைரியம். என் வயித்தைப் பாத்துட்டுப் பாடு!"

தொண்டையன் மேற்குக் கரைக்கு நீந்தினான். தொண்டையைத் திறந்தான். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கொர்ர்ர்...!"

அவ்வளவுதான்! கோரைப்பல்லன் துள்ளி எழுந்தான். "மேற்கே! எல்லாரும் மேற்கே!" படை புழுதி பறக்க மேற்கே ஓடியது. மேற்கு கப்சிப். அதே நேரம் கிழக்கே பத்துப் பதினைந்து தவளைகள் கத்தின. "கிழக்கே!" படை திரும்பியது. கிழக்கு அடங்கியது. வடக்கு கிளம்பியது. தெற்கு சேர்ந்துகொண்டது.

நாவல் மரத்தில் கருமந்தியின் கையிலிருந்த பழம் வாய்க்குப் போகாமல் நின்றது. அவள் மேலிருந்து முழுவதையும் பார்த்தாள். படை ஓடுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மௌனம். படை நகர்ந்தால் அந்த மௌனமும் கூடவே நகர்ந்தது. மீதிக் குளம் முழுவதும் பாட்டு!

அப்போது கோரைப்பல்லன் வெறிபிடித்துத் தண்ணீரில் குதித்தான். அவன் முன்னங்கால் குண்டுமணி ஒளிந்திருந்த அல்லி இலைக்கு நேர் மேலே ஓங்கியது. வயிற்றுப் பாரத்தோடு அவளால் தாவ முடியவில்லை. ஐயோ, அந்தக் கால் இறங்கியிருந்தால்!

"கொர்ர்ர்ர்!"

தளபதியின் வாலுக்கு அடியிலேயே அந்தச் சத்தம் வெடித்தது. தொண்டையன்தான்! சற்றுமுன் குரலே மறந்துபோச்சு என்று முனகியவன், ஓநாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மார்பை உப்பிக்கொண்டு நின்றான். தளபதி அவன்மேல் பாயத் திரும்பினான்.

"நில்லு தளபதி!" கருமந்தி மரத்திலிருந்து இறங்கி நடுவில் நின்றாள். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்தக் குளத்தை முழுசா அமைதியா வைக்க எத்தனை ஓநாய் வேணும்?"

"ஒரு தவளைக்கு ஒரு ஓநாய் கொடுங்கம்மா! முடிச்சுக் காட்டறேன்!"

கருமந்தி குனிந்து குண்டுமணியைக் கேட்டாள். "ஏம்மா, நீ ஒரு தடவைக்கு எத்தனை முட்டை போடுவே?"

"எண்ணினதில்லை அம்மா. இந்த அல்லி இலைக்கு அடியில இடம் இருக்காது."

"நீ ஒருத்தி மட்டும்?"

"நான் ஒருத்தி மட்டும்!"

கருமந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "கேட்டீரா தளபதியாரே! மலைநாட்டு மரமெல்லாம் ஓநாய்க் குட்டியாக் காய்ச்சாலும் உமக்குப் பத்தாதே!"

"இன்னும் ஒரே ஒரு பௌர்ணமி கொடுங்கம்மா! வெற்றி இதோ எதிர்லேயே இருக்கு!"

"எதிர்லேயா? வட்டமா நடக்கிறவனுக்கு எதிர் ஏது? நான் பாத்தது ஒரே நாவல் மரம்தான் ஐயா! மூட்டையைக் கட்டும்!"

கோரைப்பல்லன் படையைத் திரும்பிப் பார்த்தான். ஓநாய்கள் ஏற்கெனவே மலையைப் பார்த்து நின்றன. "அம்மா, நிஜமாவே வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டது இளைத்துப்போன ஓர் ஓநாய்.

"ஓடுங்கடா! உங்க ஆத்தாமார் வாசல்லேயே உட்கார்ந்திருக்காங்க!" என்றாள் கருமந்தி.

படை கிளம்பியது. இடி முழங்கியது. ஓநாய்கள் கரையில் கால் வைத்துப் போகும்போதே, அந்தக் காலடிக்குப் பக்கத்திலேயே தவளைகள் பாடின. ஒன்றுகூட வாயை மூடவில்லை! ஆமைகூட ஓட்டிலிருந்து தலையை நீட்டி, தானும் அப்போதே சொன்ன மாதிரி ஆட்டிக்கொண்டது.

மலைநாட்டில் சிங்கம் கேட்டது: "முன்னேற்றம் உண்டா?"

"உண்டு ராஜா. போனவங்க வீடு திரும்பிட்டாங்க" என்றாள் கருமந்தி.

இங்கே மழை கொட்டித் தீர்த்தது. ஓநாய்கள் நடந்து நடந்து பள்ளமாக்கிய பாதையில் தண்ணீர் நிறைந்தது. அலை இல்லை, மீன் இல்லை, முட்டைக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. தொண்டையன் பாட, குண்டுமணி அங்கேதான் முட்டையிட்டாள். சில நாளில் குளத்தைச் சுற்றிலும் தலைப்பிரட்டைகள் வாலாட்டிக்கொண்டு ஓடின. கோரைப்பல்லன் அந்தக் குளத்துக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பாதைதான்!

பயந்தவர்களின் மௌனத்தை வெற்றி என்று நம்பி அடுத்தவர் மண்ணில் நிற்கிறவன், தன் காலடி அளவுக்கு மேல் ஒருநாளும் எதையும் வெல்வதில்லை.