முதலில் சேர வேண்டியவர்

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியின் மகள் செண்பகவல்லிக்கு உளவியல் படிக்க ஆசை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆனாலும், "பிரைவேட் காலேஜ்ல படிப்பு நல்லா இருந்தா கம்மலை வித்தாவது சேத்துவிடுதேன்" என்று அம்மா சொன்னதால், இருவரும் ஒரு பெரிய தனியார் கல்லூரிக்குப் போனார்கள்.

தாளாளர் ஞானதிரவியம் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. "சைக்காலஜியில மூணே சீட்டுதான் இருக்கு. அஞ்சு நிமிஷத்துல பணம் கட்டணும்."

"கட்டிருதோம் சார். பாடம் நடத்துறவங்களை ஒருதடவை பாத்துக்கிடுதேன்" என்றாள் செண்பகவல்லி.

"அவங்க லீவு."

"ஆய்வுக்கூடம்?"

"சாவி அவங்ககிட்ட இருக்கு."

"அவங்க பேரு என்ன சார்?"

தாளாளர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தாவோ வெள்ளந்தியாக, "இனிமேதான் ஆள் எடுக்கணும் சார்" என்றார்.

செண்பகவல்லி பணிவாகவே சொன்னாள்: "அப்போ முதல்ல அவங்க சேரட்டும் சார். அப்புறம் நான் சேருதேன்."

பிள்ளையைச் சேர்க்க வந்து பின்னால் நின்ற ஒருவர், கையில் எடுத்த காசோலையைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அரசுக் கல்லூரியிலும் அவள் அதையேதான் கேட்டாள். கட்டணம் குறைவு என்பதற்காகக் கேட்காமல் விட்டுவிடவில்லை. உளவியல் பேராசிரியை தானே ஆய்வுக்கூடத்தைத் திறந்து, அவளை உட்காரவைத்து, ஒரு ஞாபகச் சோதனை செய்து காட்டினார். அதன் பிறகுதான் அவள் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.