மடித்த இலை

“மாப்பிள்ளை, பந்தியில இருந்து எந்திரிக்கதுக்கு முன்னால ஒரு தடவை…”

கல்யாணத்தன்று மாமனார் சொன்னது. ஒரு தடவை என்ன செய்ய வேண்டும் என்பது தெய்வநாயகத்துக்கு மறந்துபோயிருந்தது. சொல்லும்போது மாமனாரின் கை எங்கேயோ நீண்டது மட்டும் நாற்பத்தாறு வருஷமாக நினைவில் இருந்தது.

அன்று ஆற்றங்கரை மடத்தில் குருபூஜை. ஐப்பசி மழை சற்றுமுன்தான் விட்டிருந்தது. ஆற்றின் மேலிருந்து மூடுபனிபோல் வெள்ளையாக ஈரம் எழுந்து, படியேறி, சாப்பாட்டுக் கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. தூண்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை.

மடத்தின் குரு திலகவதி அம்மைக்கு ஐம்பது வயது. அவருடைய சீடர் தெய்வநாயகத்துக்கு எழுபத்திரண்டு. நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மை ஈரத்துணியால் வாழை இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெய்வநாயகம் அருகில் போய் நின்றார்.

“தாயே, வீட்டைப் பையன் பேருக்கு எழுதிக் கொடுத்திரப் போறேன். பத்திரம் தயார். திங்கட்கிழமை பதிவு. அதுக்கப்புறமாவது இந்தப் பற்று விடுமா?”

“பையன் கேட்டானா?”

“சேச்சே, தங்கமான பிள்ளை. நானாத்தான். இருக்கும்போதே கொடுத்துட்டா மனசு லேசாயிரும்லா? முழுசா அவனுக்கு. எனக்குன்னு ஒரு மூலைகூட வச்சுக்கலை.”

“உங்க வீட்டம்மாவுக்கு?”

“உலகம்மாளுக்கு என்ன? நான் இருக்கேன். எனக்கப்புறம் அவன் இருக்கான்.”

“அவங்களுக்குன்னு ஏதாவது வருமானம்?”

“ஏது? மில்லுல எனக்கே பென்ஷன் கிடையாது.”

“அவங்க என்ன சொல்றாங்க?”

“அவளா? அவ என்னைக்கு எதைச் சொல்லியிருக்கா!” தெய்வநாயகம் சிரித்தார்.

அம்மை துடைத்த இலை ஒன்றை அவரிடம் நீட்டினார்.

“மொதல்ல சாப்பிடுங்க ஐயா. மூத்தவர், பந்தித் தலைப்புல உட்காருங்க.”

உட்கார்ந்தார். சோற்றின் ஆவியும் ஆற்றின் ஈரமும் கலந்து, எதிரே பரிமாறுகிறவர்களின் கைகள் மட்டும் தெரிந்தன. அவற்றில் ஒன்று உலகம்மாளின் கை. அவியல் வைத்துவிட்டு நகர்ந்தது. எல்லோருக்கும் வைத்து முடித்துவிட்டு, பந்தியின் கடைசியில் அவளும் ஓர் இலை போட்டுக்கொண்டாள். அது தெய்வநாயகத்துக்குத் தெரியாது. அவ்வளவு தூரம் கண்ணுக்கு எட்டவில்லை.

மில்லில் சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். இருபத்தோராவது நிமிஷம் சங்கு ஊதும். முப்பத்தாறு வருஷம் அப்படிச் சாப்பிட்ட கை, சங்கு இல்லாமலே வேகமாகப் போனது. பாயசம் குடித்தார். மோரை ஊற்றி வழித்தார். இலையை மடித்தார், எழுந்தார்.

தலைப்பில் இருக்கும் மூத்தவர் இலையை மடித்தால் பந்தியே மடித்து எழும். அந்த மடத்தின் பழக்கம் அது. வரிசையாக இலைகள் மடிந்துகொண்டே போகும் ஓசை வெண்மைக்குள் தேய்ந்து மறைந்தது.

கை கழுவிவிட்டு வந்தபோது அம்மை அவருடைய இடத்தில் நின்றிருந்தார். கையில் ஒரு மடித்த இலை. தரையில் வைத்துப் பிரித்தார்.

சோறு குவியலாக அப்படியே இருந்தது. சாம்பார் ஓர் ஓரத்தில் இறங்கியிருந்தது. அவியலில் கைபடவில்லை. அப்பளம் கடிபடாமல் மடிப்பில் ஒடிந்து கிடந்தது.

“யாரோட இலை தாயே?”

பின்னால் நின்ற உலகம்மாள்தான் சொன்னாள்.

“விடுங்க தாயே, எனக்கு அப்படி ஒண்ணும் பசி இல்லை.”

தெய்வநாயகம் திரும்பினார். “ஏன், சொல்லியிருக்கலாம்லா? இன்னும் சாப்பிடலைன்னு?”

“நீங்க எந்திரிச்சா அது சங்கு ஊதின மாதிரில்லா. அப்புறம் யாரு உட்காரதுக்கு?”

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். உலகம்மாளும் சிரித்தாள்.

தெய்வநாயகம் பந்தியின் மறுகோடியைப் பார்த்தார். வெண்மை அசைந்தது. பந்தி கூடத்தின் சுவரைத் தாண்டி, படியிறங்கி, ஆற்றின் மேலேயே போவதுபோல் இருந்தது. மகனின் காதுகுத்து, புதுவீட்டுப் பால் காய்ச்சு, ஒவ்வொரு தீபாவளி மத்தியானமும் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் அவரே இருந்தார். ஒவ்வொன்றின் கோடியிலும் ஒரு மடித்த இலை. எல்லாவற்றுக்கும் அப்பால், கல்யாணப் பந்தியில், மாமனாரின் கை நீண்டிருந்தது. அந்தக் கோடியைப் பார்த்துத்தான்.

“தாயே…” என்றார்.

அம்மை பிரித்த இலையை எடுத்துக்கொண்டார்.

“திங்கட்கிழமை பத்திரத்துல கையெழுத்துப் போட்டு எந்திரிக்கும்போதும் பந்தித் தலைப்புல நீங்கதானே ஐயா?”

சொல்லிவிட்டு மாட்டுத் தொழுவத்தின் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் வெள்ளையாகிவிட்டது.

தெய்வநாயகம் துடைத்த இலை ஒன்றைத் தேடி எடுத்தார். தன் இடத்தில் போட்டார். தண்ணீர் தெளித்தார். “உட்காரு” என்றார். சோறு வைக்கும்போது பாதி இலைக்கு வெளியே விழுந்தது.

“பரிமாறத் தெரியலை, மேஸ்திரியாம்” என்றாள் உலகம்மாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வேற என்ன வேணும்?”

“மோரு. உப்புப் போட்டு.”

கொண்டுவந்து வைத்தார்.

“உலகு, வீட்டைப் பத்தி நீ என்ன நினைக்க?”

“சாப்பிட்டு முடிச்சிருதேன். அப்புறம் சொல்லுதேன்.”

அவள் மெதுவாகச் சாப்பிடுகிறவள். கடைவாய்ப் பல் இரண்டு இல்லை. ஈரம் கலைந்து, தூண்கள் ஒவ்வொன்றாக முழுசாகத் தெரியும்வரை சாப்பிட்டாள். தெய்வநாயகம் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் அந்தப் பத்திரத்தைப் பதியவில்லை. தனக்குப் பின் உலகம்மாள் உள்ள காலம்வரை வீடு அவளுக்கு, அதற்கப்புறமே மகனுக்கு என்று உயில் எழுதிப் பதிந்தார்.