அளவு பேண்ட்

ரெஜினா டீச்சரின் தையல் வகுப்பில் செண்பகவல்லிதான் வயதில் மூத்தவள். டீச்சரைவிடவே மூத்தவள். அதனால் டீச்சர் அவளை அக்கா என்பாள். அவள் டீச்சரை டீச்சர் என்பாள். கோவில்பட்டியில் இதையெல்லாம் யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

மற்றவர்கள் பிளவுஸ் வெட்டப் படித்தார்கள். இவள் மட்டும் பேண்ட் வரையப் படித்தாள். அதுவும் ஒரே ஒரு ஆளுக்கு.

அன்று காலை வந்ததும் வராததுமாக, அளவு வரைந்த பிரவுன் தாளையும் அதை வைத்துத் தைத்த பேண்டையும் மேஜையில் தொப்பென்று போட்டாள்.

“மூணாவது தடவ, டீச்சர். இதுவும் நிக்க மாட்டேங்கு. அவுக உக்காந்தா பின்னால இடுப்பு எறங்கிப் போவுது. முன்னால வயித்துல துணி சுருண்டு கெடக்கு.”

அவுக என்றால் அவள் கணவர் தளவாய். ஊரில் பாதிப் பேருக்கு ஹாக்கி மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்த டிரில் மாஸ்டர். லாரி மோதியதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலி. வாசல் தாண்டுவதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை விளையாட்டு விழாவில் பரிசு கொடுக்கப் பழைய பள்ளிக்கூடம் அவரைக் கூப்பிட்டிருந்தது.

“போறேன்னு சொல்லிட்டாரா?”

“எங்க! ‘பின்னால நிக்கிற பயலுவ என் இடுப்பப் பாத்துச் சிரிக்கவா’ன்னு கேக்காக. பேண்ட் சரியா இருந்தா வருவாக, டீச்சர். இந்தத் தடவ விட்டா இனிமே எதுக்கும் வெளிய வரமாட்டாக.”

“அளவு எதுல எடுத்தீங்க?”

செண்பகவல்லி பையிலிருந்து அவருடைய பழைய வெள்ளை பேண்டை எடுத்தாள். உடம்பைக் கொண்டுபோய்க் காட்டுவதைவிட, பொருந்திய பழைய துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதானே நம் ஊர் வழக்கம். அளவு சட்டை, அளவு பிளவுஸ், அளவு பேண்ட். டெய்லருக்கும் நிம்மதி, நமக்கும் கூச்சமில்லை.

அந்த பேண்டை மேஜையில் விரித்து நீவிவிட்டாள். பெண் பார்க்க வந்த அன்று வெள்ளை பேண்டில்தான் வந்து நின்றார். சொந்தக்காரர்கள் எல்லாம் வேட்டியில் வந்திருக்க, இவர் மட்டும் மைதானத்திலிருந்து நேராக, முழங்காலில் செம்மண்ணோடு. அவள் அப்பா முகம் சுளித்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிடித்தும் போயிற்று. பிறகு தினமும் காலையில் அவள்தான் இஸ்திரி போட்டாள். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நிற்பாள். அடுப்பில் பால் பொங்கினாலும் நிற்பாள். எவ்வளவு நல்ல நாட்கள்!

டீச்சர் தாளைப் பழைய பேண்டின் மேல் வைத்துப் பார்த்தாள்.

“வரைஞ்சதுல ஒரு நூல் பிசகு இல்லக்கா.”

“பெறகு ஏன் நிக்க மாட்டேங்கு?”

டீச்சர் டேப்பை எடுத்து ஒரு முனையைச் செண்பகவல்லியின் கையில் கொடுத்தாள்.

“பின்பக்கமா இடுப்புல வச்சுப் பிடிங்க.”

மறுமுனையை அவள் முழங்காலின் பின்னால் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“விடாம பிடிச்சுக்கிட்டே உக்காருங்க.”

செண்பகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்தாள். டேப் அவள் விரல்களிலிருந்து உருவிக்கொண்டு கீழே இறங்கியது.

“நின்னு எடுத்த அளவு உக்காந்தா பின்னால பத்தாதுக்கா.”

“எனக்குத் தெரியாம இல்ல, டீச்சர். தெனமும் குளிப்பாட்டுதேன், உடுத்தி விடுதேன். டேப்ப வைக்க மட்டும் மனசு வரல. உக்காந்த அளவ எடுத்துட்டா, இனிமே எந்திரிக்கவே மாட்டாகன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்லா?”

ரெஜினா டீச்சருக்குத் துணியைத் தவிர வேறெதையும் தடவிக்கொடுக்கத் தெரியாது. வெள்ளை பேண்டை அதன் மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தாள்.

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரவுன் தாளைக் கையில் எடுத்தாள்.

“எல்லாம் தப்பாத்தான் போச்சு. இதக் கிழிச்சுப் போட்டுருதேன்.”

“எதுக்குக்கா கிழிக்கணும்? நின்ன அந்த மனுசருக்கு அது சரியான அளவு. இவருக்குத்தான் இன்னும் ஒருத்தரும் அளவெடுக்கல.”