பூனை ஏன் குட்டியை வாயில் கவ்வுகிறது

அந்தக் காலத்தில், விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போலப் பேசித் திரிந்த காலத்தில், பூனைகள் குட்டிகளை வாயில் தூக்குவது கிடையாது. கோழியின் பின்னால் குஞ்சுகள் போகுமே, அதே வழக்கம்தான் பூனைக்கும். தாய் வாலை உயர்த்திக்கொண்டு முன்னால் நடக்கும். குட்டிகள் அந்த வாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரும்.

அப்படி மூன்று குட்டிகளோடு ஒரு கண்மாய்க்கரையில் குடியிருந்தாள் சாம்பி என்ற பூனை. கடைக்குட்டியின் பெயர் சுண்டு. பெயருக்கேற்ற உருவம்தான். சாம்பி குட்டிகளை நக்க உட்கார்ந்தால் அவளுக்குப் பொழுது போவதே தெரியாது. "நக்கி நக்கியே பிள்ளைகளக் கரைச்சிருவ போலிருக்கே" என்று மொட்டைவாலன் கேலி செய்வான். மொட்டைவாலன் அந்தக் கரைக்குக் காவல் நாய். நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படைத்தவன் எல்லா உயிரின் தலைக்குள்ளும் ஒரு சின்ன ஊற்று வைத்திருந்தான். பசித்துத் தின்றால் ஒரு சொட்டு, குளிரில் வெயில் காய்ந்தால் ஒரு சொட்டு, பிள்ளையை முகர்ந்தால் ஒரு சொட்டு என்று அதில் இனிப்பாக ஏதோ சுரக்கும். 'இது நல்லது, மறுபடியும் செய்' என்று அது உயிருக்குச் சொல்லும். அந்தச் சொட்டு மட்டும் இல்லாவிட்டால் எந்தத் தாய் எழுந்து இரை தேடப் போவாள்? உலகம் ஓடுவதே அதில்தான்.

ஒருநாள் சாம்பியின் முன்னங்காலில் கருவேல முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. கால் வீங்கிப்போய் ஊன்ற முடியவில்லை. வேட்டை நின்றது, பால் வற்றியது, குட்டிகள் பசியில் கத்தின. பாம்போடு சண்டை போட்டுப் போட்டு மூலிகைகளைத் தெரிந்து வைத்திருந்த கீரி இதைக் கேட்டு ஓடிவந்தான். குப்பைமேட்டில் தழைத்திருந்த ஒரு செடியின் வேரைத் தோண்டிக் காட்டினான்.

"ஒரு கடி கடிச்சுக்கோ தங்கச்சி. வலி அடங்கும். அப்புறம் மறக்காம மண்ணத் தள்ளி மூடிரு."

கடித்தாள். வலி போன இடம் தெரியவில்லை. வலி மட்டுமா போயிற்று? சொட்டுச் சொட்டாக ஊறும் ஊற்று மடை திறந்தாற்போலப் பாய்ந்தது. சாம்பி மண்ணில் புரண்டாள், உருண்டாள், கன்னத்தை வேரில் தேய்த்தாள். பிறந்ததிலிருந்து கிடைத்த சந்தோஷமெல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் வந்தது மாதிரி இருந்தது அவளுக்கு.

முள் வெளியே வந்தது. புண் ஆறியது. ஆனாலும் சாம்பி குப்பைமேட்டுக்குப் போனாள். 'இன்னும் லேசாக வலிக்கிறதே' என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். சில நாளில் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். வரவர ஒரு கடி போதவில்லை. வேரை மண் போட்டு மூடுவதும் நின்றுபோயிற்று.

பாய்ந்து பாய்ந்து பயந்துபோன ஊற்று, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஊற்றுக்கண்ணைச் சுருக்கிக்கொண்டது. இப்போது எலி பிடித்தாலும் சொட்டு இல்லை. வெயில் காய்ந்தாலும் இல்லை. ஒருநாள் சுண்டுவை நக்கினாள். நாக்குக்கு மயிர்தான் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. சாம்பி பயந்துபோனாள்.

கரையெங்கும் பேச்சாகிவிட்டது. "எல்லாம் கொழுப்பு. நாலு சாத்து சாத்தினா சரியாப்போயிரும்" என்றான் மொட்டைவாலன். அவளைச் சூரியனைப் பார்க்க நிறுத்தி, இனி அந்த வேரைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். சாம்பி மனதாரத்தான் செய்தாள். பொய் சொல்லவில்லை, பாவம். ஆனால் கரையை விட்டு வெளியே போக ஒரே பாதைதான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கருவேல முள், நடுவில் குப்பைமேடு. வேரின் வாசம் மூக்கில் பட்டதும் சத்தியம் செய்த மனம் எங்கேயோ போய்விட்டது, கால் மட்டும் செடியிடம் போயிற்று.

குட்டிகளுக்கு வேட்டை பழக்க அழைத்துப் போன அன்றும் அப்படித்தான். "இங்கனயே நில்லுங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வேரில் வாய் வைத்தாள். குட்டிகள் வெட்டவெளியில் நின்றன. பருந்து இறங்கியது. நடுக்குட்டி கத்தியது சாம்பிக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்வதற்கில்லை. எங்கோ தூரத்தில் யாரோ கத்துவது போலக் கேட்டது. அவள் எழுந்து வந்தபோது இரண்டு குட்டிகள்தான் இருந்தன.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தத் துக்கத்தைத் தாங்கவும் அவளுக்கு அந்த வேர்தான் வேண்டியிருந்தது.

கரை முழுக்கத் திரண்டு வந்தது. "மிச்ச ரெண்டையும் இங்க விட்டுட்டு நீ போயிரு. நாங்க வளத்துக்கிடுதோம்" என்றான் மொட்டைவாலன்.

"அடிச்சுக்கூடப் போடுங்கண்ணே. பிள்ளைகளப் பிரிச்சிராதீங்க" என்று சாம்பி மண்ணில் விழுந்தாள்.

கீரி குறுக்கே வந்தான். "வேரக் காட்டினது நான். அந்தப் பாவம் எனக்கும் உண்டு. இவளுக்கு மனசு கெடல. தலைக்குள்ள ஊத்துக்கண்ணு அடைச்சுக்கிடுச்சு."

"அது திரும்பத் தெறக்குமா அண்ணே?" என்று கேட்டாள் சாம்பி.

"தெறக்கும், மெதுவாத் தெறக்கும். அதுவரைக்கும் எல்லாம் சப்புன்னு இருக்கும், பொறுத்துக்கிடணும். ஆனா அந்த வாசத்த மட்டும் உன் தலை மறக்காது தாயி. சத்தியமெல்லாம் அதுக்குப் பத்தாது. இடத்த மாத்து."

மொட்டைவாலன் யோசித்தான். "சரி. ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு அந்தச் செடியத் தாண்டிப் போயிரு. நடுவுல வாய் வச்சேன்னா, பிள்ளைக எங்களுக்கு."

சாம்பி நடந்தாள். குட்டிகள் பின்னால் வந்தன. குப்பைமேடு நெருங்கியதும் வாசம் வந்தது. கால் நின்றது, நகம் தானாக மண்ணைப் பிறாண்டியது. வேர் தெரிந்தது. வாய் திறந்துகொண்டது. 'ஒரே ஒரு கடி, கடைசிக் கடி' என்று உள்ளுக்குள் ஏதோ கெஞ்சியது.

பருந்து வந்த நாளிலிருந்து சுண்டுவுக்கு வானத்தைக் கண்டாலே நடுக்கம். அம்மா நின்றதும் அது ஓடிவந்து அவள் நெஞ்சுக்கடியில் ஒளிந்தது. வேரைத் தேடிக் குனிந்த வாய்க்கு நேரே சுண்டுவின் பிடரி இருந்தது. சாம்பி கவ்விவிட்டாள்.

"கடிச்சுட்டா!" என்று மொட்டைவாலன் பாய்ந்தான். கீரி அவனைத் தடுத்து, "பொறு, பாரு" என்றான்.

பல் அழுந்தவில்லை. வேரைச் சவைத்துத் துப்பிய அதே பல்தான். சுண்டு சத்தம் போடாமல் காலைச் சுருக்கிக்கொண்டு தொங்கியது. வேரின் வாசம் இன்னும் சாம்பியை இழுத்தது. ஆனால் வாய் நிறைந்திருந்தது. வாய் நிறையப் பிள்ளையை வைத்துக்கொண்டு வேரைக் கடிப்பது எப்படி? ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக் குப்பைமேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

மேட்டுக்கு அப்பால் ஒரு மரத்தடியில் சுண்டுவை இறக்கிவிட்டுத் திரும்பினாள். இன்னொரு பிள்ளை செடிக்கு அந்தப் பக்கம் நின்றது. அதைத் தூக்கக் காலி வாயோடு வரவேண்டும். அவளால் முடியவில்லை. பாதி வழியிலேயே நின்றுவிட்டாள்.

மொட்டைவாலன் எதுவும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததை அந்தக் கரை அதுவரை கண்டதில்லை. செடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பின்னங்காலால் மண்ணை வாரி வாரித் தள்ளி வேரை மூடினான். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"வா புள்ள, நான் இருக்கேன்" என்றான்.

சாம்பி வந்தாள். பிள்ளையைக் கவ்விக்கொண்டு போனாள்.

புது இடத்தில் நெடுநாள் எல்லாம் சப்பென்றுதான் இருந்தது. பிறகு ஒரு காலையில் சுண்டுவை நக்கும்போது தலைக்குள் ஒரு சொட்டு விழுந்தது. சாம்பி அழுதுவிட்டாள். ஆனால் குப்பை இருக்கும் இடமெல்லாம் முளைக்கிற செடி அது. அங்கேயும் முளைத்தது. அவள் மறுபடியும் பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு கிளம்பினாள்.

அன்று முதல்தான் நாய் பின்னங்காலால் மண்ணைத் தள்ளுகிறது. அன்று முதல்தான் பூனை குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாறி இடம் மாறித் திரிகிறது. வேர் வெளியே தெரிந்தால் இன்றைக்கும் அதன் தலை தாழ்ந்துவிடுகிறது, அதனால்தான் அந்தக் குப்பைமேனிச் செடிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர். குட்டியைக் கவ்விய பூனை நடுவழியில் தயங்கி நின்றால் விரட்டாதீர்கள். அது எதைத் தாண்டப் பார்க்கிறது என்பது நமக்குத் தெரியாது.