ஓடாமலே தேறிய குரங்கு

நாவல்குளக் காட்டுப் பள்ளிக்கூடத்தில் தொத்தன் என்றொரு குரங்கு படித்துக்கொண்டிருந்தான். படித்துக்கொண்டிருந்தான் என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன்!

அவன் எடுத்திருந்த பாடம் உடற்பயிற்சி அறிவியல். நாள் முழுக்கக் கிளைக்குக் கிளை தாவலாம், களைத்தால் தூங்கலாம், அதற்கு மார்க்கும் போடுவார்கள் என்று நம்பிச் சேர்ந்துவிட்டான். சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இதயம் எப்படித் துடிக்கிறது, மூச்சு எங்கே போகிறது, தசை ஏன் வலிக்கிறது என்று பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். படித்ததோடு விட்டார்களா? ஓடியும் காட்ட வேண்டும்!

வாத்தியார் பொதியப்பர் ஒரு கழுதை. முன்பு டவுனில் ஒரு விளையாட்டுக் கல்லூரி மைதானத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தவர். வகுப்பு ஜன்னல் பக்கத்தில்தான் நல்ல புல் இருந்தது. உள்ளே மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள். வெளியே இவர் அசைபோட்டபடியே அத்தனை பாடத்தையும் காதில் வாங்கிக்கொண்டார். அந்தக் காதுகள்தான் இப்போது அவருக்குச் சோறு போட்டன.

பொதியப்பர் பரீட்சை வைக்கும் முறையே தனி. மாணவர்களை ஓடவிடுவார். ஓடி வந்தவனின் நெஞ்சில் தன் நீளக் காதை வைத்துக் கேட்பார். உள்ளே இதயம் எப்படித் துடிக்கிறதோ, அப்படியே முன்னங்கால் குளம்பால் பாறையில் தட்டுவார். டக், டக், டக்! வகுப்பு முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்கும்.

"ஓடினா இதயம் வேகமாத் துடிக்கும். அதுல தப்பில்லை. ஆனா எவ்வளவு சீக்கிரம் அடங்குதுன்னு பாக்கணும். பயிற்சி செஞ்ச இதயம் சட்டுனு அடங்கிடும்!" என்பார்.

பலாப்பழக் காலம் வந்தது. நாவல்குளக் காட்டுக்கும் எதிர்க்காட்டுக்கும் நடுவே, பள்ளிக் குளத்தை ஒட்டிய எல்லையில் ஒரு பெரிய பலாமரம் நின்றது. அதன் பழங்கள் யாருக்கு என்று ஆண்டுதோறும் சண்டை வரும். மண்டை உடைந்தது போதும் என்று இரண்டு காடுகளும் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. இங்கிருந்து ஒருவர், அங்கிருந்து ஒருவர், மொட்டைக்குன்றைச் சுற்றித் தரையில் ஓட வேண்டும். ஜெயிக்கிற காட்டுக்கு அந்த ஆண்டுப் பழம் அத்தனையும். முதல் பழம், முழுசாக, ஓடியவருக்கே!

முழுப்பழம் என்ற சொல் காதில் விழுந்ததுமே தொத்தனுக்கு வாயில் எச்சில் ஊறியது. மஞ்சள் மஞ்சளாகச் சுளைகள் கண்முன் வந்து நின்றன.

"யார் ஓடுறதுன்னு பரீட்சை வெச்சு முடிவு பண்ணப்போறேன்," என்றார் பொதியப்பர். "குளத்தங்கரையோட ஓடிப்போய், அந்தக் கடைசியில இருக்கிற புற்றைத் தொட்டுட்டுத் திரும்பி வாங்க. யாரோட இதயம் சீக்கிரம் அடங்குதோ, அவங்கதான் நம்ம காட்டுக்கு ஓடணும்!"

எல்லாரும் ஓடினார்கள். முன்னால் துள்ளி என்ற முயல் பறந்தாள். அவள் பாடத்தையும் ஒழுங்காகப் படிப்பாள், விடியற்காலையில் பயிற்சியும் செய்வாள். பின்னால் காட்டுப்பன்றிக்குட்டிகள், கீரி, அணில். எல்லாருக்கும் கடைசியில் தொத்தன்.

பாதி வழியில் ஒரு நாவல் மரம். தொத்தன் முன்னால் பார்த்தான். பின்னால் பார்த்தான். சரக்கென்று மரத்தில் ஏறி இலைகளுக்குள் மறைந்துகொண்டான்.

'அடங்கின இதயம்தானே வேணும் இந்தக் கழுதைக்கு? ஓடினாத்தானே அது எகிறும்? நான் ஓடவே போறதில்லையே!' என்று தனக்குள் சிரித்துக்கொண்டான். சும்மா இருப்பானேன் என்று பழங்களைப் பறித்துப் பறித்து வாயில் போட்டான்.

மற்றவர்கள் புற்றைத் தொட்டுவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள். கூட்டம் மரத்தைக் கடந்ததும் தொத்தன் இறங்கிப் பின்னால் ஒட்டிக்கொண்டான். தலைகுனிந்து ஓடிவந்த யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

பொதியப்பர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் காதை வைத்தார். பன்றிக்குட்டிகளுக்குக் குளம்பு படபடத்தது. துள்ளிக்கும் முதலில் வேகமாகத்தான் தட்டியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மெல்ல அடங்கி நிதானத்துக்கு வந்தது.

"சபாஷ் பாப்பா! நல்ல இதயம்!" என்றார்.

அடுத்து தொத்தன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். குளம்பு நிதானமாகத் தட்டியது. டக்... டக்... டக்... பொதியப்பர் காதை எடுத்தார். உதறினார். மறுபடி வைத்தார். டக்... டக்...

"அடடா! அடடா! அடங்குறதுக்கே இது எகிறலையே! டவுன் கல்லூரியிலகூட இப்படி ஒரு இதயத்தைப் பத்திப் பேசினதில்லை!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி தொத்தா, நீதான் ஓடுறே!"

வகுப்பே கைதட்டியது. தொத்தனுக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளியைப் பார்த்து நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினான்.

அந்த நாக்கு நீலம் பாரித்துக் கிடந்தது! துள்ளிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நெஞ்சு கொதித்தது. விடியற்காலையில் எழுந்து ஓடியவள் அவள். நாவல் மரத்தில் குந்தியிருந்தவன் அவன்! வாயைத் திறக்கப் போனாள். பிறகு, 'இப்போ சொன்னா தோத்த பொறாமைன்னுதான் சொல்லுவாங்க' என்று நிறுத்திக்கொண்டாள். மீசையைத் தடவியபடி கொஞ்சம் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு வந்தது.

"சார், ஒரு சந்தேகம்!" என்று எழுந்தாள்.

"கேளு பாப்பா."

"பந்தயத்துல ஓடுறதுக்கு முன்னாடி உடம்பைச் சூடுபண்ணணும்னு சொன்னீங்களே... வார்ம்-அப்... எங்களுக்கெல்லாம் புற்று வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வந்தாப் போதும். தொத்தனோட இதயத்துக்கு அது போதுமா சார்?"

பொதியப்பர் பூரித்துப்போனார். "இதுதான் கேள்வி! எப்படிப் போதும்? ஒரு தடவை ஓடி இந்த இதயம் அசையவே இல்லையே! இதை எழுப்பவே மூணு தடவை ஓடணும். நானே கூட வர்றேன்!"

தொத்தன் இரண்டடி பின்வாங்கினான்.

"அதெல்லாம் எதுக்கு சார், சிரமம்..." என்று இழுத்தான்.

"பாருங்க, இவ்வளவு திறமை இருந்தும் என்ன அடக்கம்!" என்றார் பொதியப்பர்.

பந்தய நாள் காலை. இரண்டு காடுகளும் பலாமரத்தடியில் திரண்டிருந்தன. காட்டுப்பன்றி அம்மா தன் குட்டிகளை வரிசையாக உட்கார வைத்திருந்தாள். கரடி காலையில் சாப்பிடாமலே வந்திருந்தது. நாவல்குளக் காட்டார் கண்ணெல்லாம் மேலே தொங்கும் பழத்திலும், அதை வாங்கித் தரப்போகும் தொத்தன் வரும் வழியிலும் இருந்தது.

தொத்தன் நொண்டிக்கொண்டே வந்தான்.

"சார்! கால் சுளுக்கிடுச்சு! ஐயோ, உயிர் போகுது!"

பொதியப்பர் பதறிப்போய்க் குனிந்து பார்த்தார். "வீக்கம் இல்லையே! எந்தக் கால்?"

"இதுதான் சார், வலது கால்!"

"வர்றப்போ இடது காலைத்தானே நொண்டினே?" என்றாள் துள்ளி, ரொம்ப அக்கறையாக.

"அது... வலி மாறி மாறி வருது!"

"மாறி மாறி வந்தா அது சுளுக்கில்லை தம்பி, பயம்! பயத்துக்கு ஓடுறதுதான் மருந்து. வா, ஆரம்பிக்கலாம்!" என்றார் பொதியப்பர்.

கழுதை பின்னால் வர, தொத்தன் ஓடினான். நாவல் மரம் வந்தது. ஏக்கத்தோடு அதை அண்ணாந்து பார்த்தான். "பராக்குப் பார்க்காதே தம்பி!" என்று முதுகுக்குப் பின்னாலேயே குரல் வந்தது. புற்றைத் தொட்டுத் திரும்புவதற்குள் அவனுக்கு விலாவில் குத்தியது. இரண்டாம் தடவையில் நாக்கு வெளியே தள்ளியது. கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

"சார்... போதும் சார்... சூடாயிடுச்சு சார்..."

"இப்போதான் லேசா எழுந்திருக்கும்! இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

கொஞ்சம் தள்ளி துள்ளியும் ஒரு தடவை புற்று வரை நிதானமாகப் போய்த் திரும்பினாள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. 

மூன்றாம் தடவை முடிந்து பலாமரத்தடிக்கு வந்த தொத்தன், பொத்தென்று விழுந்தான். எதிரே எதிர்க்காட்டுக்காக ஓடவந்த நரி முன்னங்காலை நீட்டி மடக்கிச் சோம்பல் முறித்தது. அவனைப் பார்த்து, "என்னப்பா, ஜெயிச்ச பிறகுதானே படுக்கணும்?" என்று கேட்டது.

பொதியப்பர் ஆவலோடு காதை அவன் நெஞ்சில் வைத்தார். குளம்பு தட்டத் தொடங்கியது. டகடகடகடகடக! ஓட்டுக் கூரையில் கல்மாரி பெய்வதுபோல் சத்தம். காத்திருந்தார். அடங்கவில்லை. இன்னும் காத்திருந்தார். அவர் கால்தான் வலித்தது.

காடே அந்தக் குளம்பையே பார்த்தது.

"தம்பி, நான் அன்னைக்குக் கேட்ட இதயம் இது இல்லையே! யாருடைய இதயம் இது?"

"என்... என்னோடதுதான் சார்..."

"அப்போ அன்னைக்கு?"

தொத்தன் சுற்றிலும் பார்த்தான். பொய் சொல்ல வாய் இருந்தது. மூச்சுதான் இல்லை.

"அன்னைக்கும் இதேதான் சார். ஆனா... அன்னைக்கு நான் ஓடலை. மரத்துல உக்காந்து நாவப்பழம் தின்னேன்."

  பன்றிக்குட்டிகளில் ஒன்று, "அம்மா, அப்போ நமக்குப் பழம் கிடையாதா?" என்று கேட்டது. தொத்தனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பொதியப்பரின் காதுகள் இரண்டும் தொங்கிவிட்டன. "தப்பு என்மேலயும் இருக்கு. காதால கேட்டேன், கண்ணால பாக்கலை," என்றவர் திரும்பினார். "பாப்பா துள்ளி, உடம்பைச் சூடுபண்ணாம இப்போ உன்னை எப்படி ஓடச் சொல்லுவேன்?"

"அதெல்லாம் பண்ணியாச்சு சார்!" என்று துள்ளி கோட்டில் போய் நின்றாள்.

பந்தயம் தொடங்கியது. நரி கெட்டிக்கார ஓட்டக்காரன்தான். ஆனால் அதற்கு ஒரு சங்கடம். நரி துரத்தி வந்தால் எந்த முயலாவது மெதுவாக ஓடுமா? நரி நெருங்க நெருங்கத் துள்ளியின் வேகம் கூடிக்கொண்டே போனது. மொட்டைக்குன்றைச் சுற்றி வந்து, அவள் கோட்டைத் தாண்டி, கரடியைத் தாண்டி, கூட்டத்தையே தாண்டிப் போய்த்தான் நின்றாள்!

காடு ஆர்ப்பரித்தது. கரடி பழத்தைப் பிளந்தது. வாசனை ஊரைத் தூக்கியது. முதல் பழத்தை வாங்கிய துள்ளி, அதைப் பன்றிக்குட்டிகளோடு பங்கு போட்டுக்கொண்டாள்.

தொத்தனும் மெல்ல நகர்ந்து நகர்ந்து கையை நீட்டினான்.

"கொஞ்சம் இரு தம்பி. உனக்குப் பரீட்சை பாக்கி இருக்கே!" என்றார் பொதியப்பர். "புற்று வரைக்கும் ஒரே ஒரு தடவை. இந்தத் தடவை நாங்க எல்லாரும் பாக்குறோம்."

எல்லாரும் பார்த்தார்கள். வாயில் சுளையோடு பார்த்தார்கள். தொத்தன் தள்ளாடித் தள்ளாடிப் புற்றைத் தொட்டுத் திரும்பி வந்தான். குளம்பு வெகுநேரம் தட்டிவிட்டு ஒருவழியாக அடங்கியது.

"மோசம்தான்," என்றார் பொதியப்பர். "ஆனா நிஜம். நாளையிலிருந்து உனக்கு நடைதான் பயிற்சி. இந்த இதயத்துக்கு இப்போதைக்கு அது போதும்."

"சரி சார்," என்று தலையாட்டிவிட்டு, தொத்தன் பலாமரத்தடிக்கு விழுந்தடித்துக்கொண்டு போனான். அங்கே சுளைகளுக்கு நடுவே இருக்கும் நார்ச்சடையும் தோலும்தான் கிடந்தன. கொட்டையைக்கூட அணில் கொண்டுபோயிருந்தது. அவன் ஒரு சடையை எடுத்து வாயில் போட்டு மென்றான்.

ஏமாற்றித் திறமைசாலி என்று பேர் வாங்கிவிடலாம், ஆனால் அந்தப் பேருக்குரிய சுமை தலையில் வந்து இறங்கும்போது அதை ஏமாற்றிச் சுமக்க முடியாது.