குதிருக்குப் பின்னால் நின்றவள்

அரசர்களுக்கு யானை மீதும் வணிகர்களுக்கு மிளகு மீதும் ஆசை தீராத காலம் அது. கடற்கரைப் பட்டினம் ஒன்றில் சேந்தன் என்று ஒரு மிளகு வணிகன் இருந்தான். அவனுக்குப் பெண்கள் மூன்று பேர். யார் கேட்டாலும் இரண்டு பேர் என்பான்.

ஏன் என்று கேளுங்கள், பிள்ளைகளே. கேட்டால் உங்கள் வயிறும் எரியும்.

மூத்தவள் நப்பின்னை, நடுவிலாள் ஆதிரை, கடைக்குட்டி குமுதை. சிறு வயதில் தங்கைகள் இருவருக்கும் அம்மை போட்டது. வேலைக்காரர்கள் ஓடிவிட்டார்கள். பெற்ற தாய் தொட அஞ்சினாள். நப்பின்னைதான் வேப்பிலையால் விசிறினாள், கஞ்சி புகட்டினாள், அழுதபோது மடியில் போட்டுக்கொண்டாள். தங்கைகள் வடுவில்லாமல் எழுந்தார்கள். பிறகு அம்மை அவளைப் பிடித்தது. பிழைத்தாள், ஆனால் முகமெல்லாம் தழும்பு.

அன்று முதல் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், நெல் கொட்டி வைக்கும் குதிர் அறைக்குள் அவளை அனுப்பி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். தேர் பார்க்க உறவினர் வந்தார்கள். நப்பின்னை குதிருக்குப் பின்னால் நின்றாள். ஆதிரையைப் பெண் பார்க்க வந்தார்கள். குதிருக்குப் பின்னால் நின்றாள். ஆதிரையின் கல்யாணம் நடந்தது. மேளச் சத்தத்தைச் சுவரில் காது வைத்துக் கேட்டாள்.

ஆதிரை வாய் திறக்கவில்லை. புகுந்த வீட்டில் அக்கா என்ற சொல்லையே மறந்தவள்போல் வாழ்ந்தாள்.

பிறகு குமுதையின் முறை வந்தது. கப்பல்காரர் வீட்டுப் பிள்ளை. துறைமுகத்தில் அவனைப் பார்த்த நாளிலிருந்து குமுதைக்கு அவன்மேல் மனம். விடியலிலேயே நப்பின்னை அதிரசம் சுட்டாள், தங்கைக்குச் சடை பின்னினாள். நீயும் கூடத்துக்கு வா என்று குமுதை கெஞ்சினாள்.

நப்பின்னை சிரித்தாள். "என் மூஞ்சியைப் பார்த்தால் அதிரசம்கூட அவர்களுக்குக் கசக்கும். போடி."

விருந்தினர் வந்தார்கள். அதிரசம் யார் சுட்டது என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டாள். குமுதைதான் என்றாள் அம்மா. சடை யார் பின்னியது என்று கேட்டாள். அவளேதான் என்றாள் அம்மா. பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு என்றான் சேந்தன், நாக்குக் குழறாமல். 

அந்தப் பட்டினத்தில் ஒரு வழக்கம். பேச்சு முடிந்ததும், மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பூவை உடன்பிறந்தவர்களில் மூத்தவள்தான் பெண்ணுக்குச் சூட்ட வேண்டும். சூட்டினால் சம்மதம். பூத்தட்டை எடுக்க, புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த ஆதிரை கை நீட்டினாள்.

குமுதை தலையை விலக்கிக்கொண்டாள்.

"மூத்தவள் இவள் இல்லை. மூத்தவள் குதிர் அறையில் நிற்கிறாள். நீங்கள் தின்ற அதிரசம் அவள் சுட்டது. இந்தச் சடை அவள் பின்னியது. என் முகத்தில் தழும்பில்லையே, அதுவும் அவள் கொடுத்தது."

குழந்தை விளையாடுகிறாள் என்று சேந்தன் சிரித்து மழுப்பினான். அதற்குள் குமுதை போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். தலையெல்லாம் உமித்தூசியோடு நப்பின்னை வெளியே வந்தாள்.

மாப்பிள்ளையின் தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பெருந்தன்மையாகவே பேசினாள்.

"இதற்காக நாங்கள் சம்பந்தத்தை மறுக்கவில்லை. கல்யாணத்தன்று மட்டும் இவளை உள்ளேயே வைத்திருங்கள். மங்கல காரியம் பாருங்கள்."

சேந்தன் மகிழ்ந்து கைகூப்பினான். அம்மா தலையாட்டினாள். குமுதை மாப்பிள்ளையைப் பார்த்தாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்வான் என்று பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

குமுதை பூத்தட்டை எடுத்து அந்த அம்மாளின் கையிலேயே கொடுத்தாள். "அப்படியானால் அன்று நானும் அக்காவோடு உள்ளேயே இருக்கிறேன். கல்யாணத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்."

அவர்கள் பூவோடு படியிறங்கிப் போனார்கள். சேந்தன் தலையில் அடித்துக்கொண்டான். வலிய வந்த வாழ்வை உதைத்தாயே என்று நப்பின்னையே தங்கையைத் திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். குமுதையும் அழுதாள். அவன்மேல் வைத்த ஆசை அவ்வளவு எளிதில் போகுமா?

அதுவரை தூணாய் நின்ற ஆதிரை, எழுத்தாணிபோல் நிமிர்ந்து குதிர் அறைக்கு நடந்தாள். கதவிலிருந்த தாழ்ப்பாளை ஆணியோடு பிடுங்கித் தெருவில் எறிந்தாள். உள்ளங்கை கிழிந்து இரத்தம் வழிந்தது. அதைத் துடைக்காமலே அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

உடன்பிறந்தவளை ஒளித்துவைத்துப் பெறும் வாழ்வு, எத்தனை பெரிய வீட்டில் வாய்த்தாலும், களவு வாழ்வே.