மாவு மில் மாடியில் திறக்காத பக்கம்

மாவு மில் மாடியில் பிரவுசிங் சென்டர் இருந்த காலம் அது. பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகள்கூடப் படிச்சுவரில் உரசி முதுகில் மாவோடுதான் வீடு திரும்புவார்கள். பொற்கொடிக்கு அங்கேதான் வேலை.

ஒரு நாள் பெரிய மென்பொருள் கம்பெனி அதிகாரி ஒருவர் வந்து குதித்தார். "எங்க சாப்ட்வேரைத் திருடிப் போட்டிருக்கீங்க. கடைக்குச் சீல்தான்."

"இங்க இருக்கிறதெல்லாம் யார் வேணும்னாலும் போட்டுக்கலாம்னு இலவசமா குடுக்கிற வேற சாப்ட்வேருங்க சார்."

"யார்கிட்ட கதை விடுற?"

பொற்கொடி மனசுக்குள் முருகனை வேண்டிக்கொண்டாள். "அப்ப இங்கிருந்தே உங்க வெப்சைட்ல புகார் குடுத்துடுங்க சார்."

அவர் உட்கார்ந்து தட்டினார். 'எங்கள் மென்பொருளோடு வரும் பிரவுசரில் மட்டுமே இந்தப் பக்கம் திறக்கும்' என்றது திரை. எந்தக் கம்ப்யூட்டருக்கு மாறினாலும் அதேதான்.

"நாங்க திருடியிருந்தா திறந்திருக்குமே சார்," என்றாள் பணிவாக.

அதிகாரி எழுந்து படியிறங்கினார்.

"முதுகில மாவு சார், தட்டிவிட்டுட்டுப் போங்க."